நூலும் நீங்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவல் வெளிவந்த காலத்தில் ஏன் தோற்றது? இரண்டு தடவை தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: 1851 ஒக்டோபரில் லண்டனில்தான் முதலில் வந்தது, ‘திமிங்கிலம்’ என்ற பெயரில், மூன்று பாகங்களாக. 500 பிரதிகள்தான். அந்தப் பதிப்பில் முடிவுரை விடுபட்டுப்போயிற்று. கப்பல் மூழ்கியபின் கதைசொல்லியான மாலுமி இஸ்மாயில் சவப்பெட்டியொன்றைப் பிடித்து மிதந்து தப்புவது அந்தப் பக்கத்தில்தான் வருகிறது. எல்லாரும் செத்தால் கதை சொல்வது யார் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அடுத்த மாதம் நியூயோர்க்கில் முழுமையாக வந்தும், லண்டன் விமர்சனங்களின் பழி அங்கேயும் தொடர்ந்தது. மெல்வில் 1891இல் இறந்தார். 1919இல் அவருடைய பிறந்த நூற்றாண்டு வந்த பிறகே நூல் மீண்டது.

கப்பல் தலைவன் ஆகாப் 28ஆம் அத்தியாயத்தில்தான் முகம் காட்டுகிறான். 32இல் திமிங்கில வகைகளின் நீண்ட பட்டியல்; பலர் கைவிடுவது அங்கேதான். அதை விட்டு நேரே 36க்குப் போங்கள். ஆகாப் பொற்காசைப் பாய்மரத்தில் ஆணியடித்து, மோபி டிக் என்ற வெள்ளைத் திமிங்கிலத்தைக் கொல்ல மாலுமிகளிடம் சபதம் வாங்குவது அங்கே. பிறகு 32க்குத் திரும்புங்கள், பட்டியலே சுவைக்கும்.

கேள்வி: கரண்ட் போனால் நான்கு வயது மகள் அலறுகிறாள். பயம் தெளியப் புத்தகம் உதவுமா?
– தாய், வெள்ளவத்தை

பதில்: நிச்சயம் உதவும், ஆனால் இரவில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் பகல் வெளிச்சத்தில், மடியில் வைத்து வாசியுங்கள். பெரியவர் வந்து காப்பாற்றும் கதை வேண்டாம். பிள்ளையே டோர்ச் அடித்து, நிழல் வெறும் கதிரைதான் என்று கண்டுபிடிக்கும் கதை நல்லது. பக்கத்தை மகளே புரட்டட்டும். முகத்தை மூடினால் “பயப்படாதே” என்று சொல்லாமல், “இப்ப அவன் என்ன செய்வான்?” என்று கேளுங்கள்.

பயப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவதுதான் பெரிய பிழை. படம் மனதில் நிற்கும், முடிவு நிற்காது. பிள்ளை அதோடுதான் நித்திரைக்குப் போகும். கடைசிப் பக்கம்வரை வாசித்துவிடுங்கள். நான்காம் நாளிலிருந்து அதே நூலை இரவில் பத்து நிமிடம் வாசித்து, பிறகு லைட்டை அணைத்துச் சுவரில் டோர்ச் நிழல் காட்டுங்கள். ஒழுங்கையில் போகும் ஓட்டோவின் வெளிச்சம் சுவரில் ஓடுவதையும் சேர்ந்து பாருங்கள்.

பேய்க்கதைகளாக வாங்கிக் குவிக்காதீர்கள். இருட்டுக்குப் பயந்த பிள்ளைக்குப் புதிதாகப் பேயும் சேரும். முதலில் கொழும்பு பொது நூலகத்தில் இரவல் எடுத்துப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் ‘பூச்சாண்டி வருவான்’ என்ற மிரட்டலையும் இன்றோடு நிறுத்துங்கள். பல வாரங்கள் நித்திரை கெட்டால் குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள்.