பரிசு வேண்டாம், கைவேலை போதும்

வணக்கம்.
எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். தேர்வு நெருங்கினால் சில பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கிறது, சிலர் ஒன்றுமில்லாததற்குச் சண்டை போடுகிறார்கள். மனதைச் சமாளிக்கக் கைவேலை உதவுமே என்று வாரம் ஒரு வகுப்பை அதற்கு ஒதுக்கினேன். வெற்றுத்தாள் கொடுத்து, தோன்றியதை வரையச் சொன்னேன். பாதிப் பேர் "எனக்கு வராது" என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பையன் வரைந்ததைக் கிழித்துப் போட்டான். பரிசு அறிவித்தால் ஆர்வம் வருமா? செய்தவற்றைச் சுவரில் ஒட்டலாமா?
– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பரிசு வேண்டாம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு விளையாட்டு நேரத்தில் கவனித்தபோது, அந்தப் பிள்ளைகள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான். உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே மதிப்பெண்ணுக்குப் பயந்து கிடக்கிறார்கள். இந்த ஒரு மணி நேரத்திலாவது யாரும் முதலிடம் வரவேண்டாம்.

அடுத்தது அந்த வெற்றுத்தாள். பதற்றத்தில் இருப்பவரிடம் "எதை வேண்டுமானாலும் செய்" என்பது இன்னொரு தேர்வு வைப்பதுதான். 2005இல் கரி, காசர் என்ற இரு ஆய்வாளர்கள் 84 கல்லூரி மாணவர்களிடம் முதலில் லேசான பதற்றத்தை உண்டாக்கி, பிறகு வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வட்டத்துக்குள் சீரான கோலம் போட்ட 'மண்டலா' படமோ கட்டம் போட்ட வடிவமோ கிடைத்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. வெற்றுத்தாள் கிடைத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. அதனால் அடுத்த வகுப்பில், அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கத் தேவையில்லாத வேலையாகக் கொடுங்கள். மூன்று நூலைச் சேர்த்துப் பின்னுவது, காகிதம் மடிப்பது, அட்டையில் நூல் நெய்வது. பின்னலில் ஒவ்வொரு இழையை மாற்றும்போதும் மெதுவாக மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும். நூல் கையில் இருப்பதால், கண்ணை மூடி உட்காரக் கூச்சப்படும் பிள்ளையும் இதைச் செய்துவிடும்.

"எனக்கு வராது" என்பவர்களிடம் இதைச் சொல்லலாம். 2016இல் கலைச் சிகிச்சை ஆய்வாளர் கிரிஜா கைமல் குழுவினர் 39 பெரியவர்களை 45 நிமிடம் களிமண், வண்ணப்பேனா, காகித ஒட்டுவேலை என்று இஷ்டப்படி செய்யவிட்டார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு, மனஅழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் கார்டிசோல் என்ற ஹார்மோன் குறைந்திருந்தது. முன்பழக்கம் உள்ளவரா இல்லாதவரா என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. சின்ன ஆய்வுதான், பிள்ளைகளிடம் செய்ததும் அல்ல. ஆனாலும் அழகாக வந்தால்தான் பலன் என்ற பயத்தைப் போக்க இது போதும்.

கிழித்த பையனைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். ஏன் கிழித்தாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். அடுத்த முறை பழைய காகிதக் கட்டைக் கொடுத்து, கிழிப்பதையே வேலையாக்குங்கள். விரும்பினால் துண்டுகளை ஒட்டட்டும், இல்லையென்றால் கிழித்ததோடு விடட்டும். கோபமாக இருக்கும் கைக்கு நுணுக்கமான மடிப்பு எரிச்சலைக் கூட்டும். களிமண் பிசைவதும் காகிதம் கிழிப்பதும்தான் அப்போது ஒத்துவரும்.

வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் தன் பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு எண்ணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதை நீங்கள் பார்க்க வேண்டாம். தனக்கு எது உதவுகிறது, எது உதவவில்லை என்று பிள்ளையே கண்டுபிடிப்பதுதான் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது. அப்புறம், உதவியதில் ஒரு துண்டு நூலோ நாலு தாளோ பையில் இருக்கட்டும். தேர்வுக்கு முந்தின இரவு நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள்.

சுவரில் ஒட்டுவதை, ஒட்டச் சொல்லி வந்து கேட்கும் பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். படத்தைப் பார்த்து மனதைக் கணிக்க முயலாதீர்கள், அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. வயிற்றுவலி தொடர்ந்தால், தூக்கம் கெட்டால், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு காதில் விழுந்தால், கைவேலையை நம்பிக் காத்திருக்காமல் அன்றைக்கே வீட்டாரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் பேசுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.