பள்ளிகொண்டா தம்பிக்கு: மனையா, ஃபண்டா, டாலரா

தம்பி, ஊர்க்காரன் என்கிற உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே. நீ கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். டாலஸ் வந்து ஆறு மாதம். ஹெச்-1பி வேலை விசா. வாடகை, கார் தவணை எல்லாம் போக மாதம் 1,800 டாலர் மிஞ்சுகிறது. அப்பா காட்பாடிப் பக்கம் ஒரு மனை பேசி வைத்துக்கொண்டு, "டாலர் 90 ரூபா ஆயிடுச்சு, இப்பவே அனுப்பு" என்கிறார். ஊரில் ஆரம்பித்த எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கேயோ வாஷிங்டனில் ஒரு அறிவிப்பு வந்தால் மார்க்கெட் ஆடுகிறது. எதில் போடுவது, அக்கா?

நான் குடியாத்தம். அப்பா லுங்கித் தறி ஓட்டியவர். வேலூரில் நர்சிங் படித்துவிட்டு 2007-ல் டெக்சாஸ் வந்தேன். நிதி ஆலோசகர் இல்லை. பதினெட்டு வருடமாகச் சம்பளத்தை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் போட்டுப் பார்த்து, சில இடத்தில் கையைச் சுட்டுக்கொண்டவள், அவ்வளவுதான்.

நானும் 'எதில் போடுவது' என்றுதான் பத்து வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்தப் பணத்தை எந்த ஊரில் உட்கார்ந்து செலவு செய்யப்போகிறேன் என்பது. உனக்கு அது இன்னும் பத்து வருடத்துக்குத் தெரியப்போவதில்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உன் ஆபீஸில் கேட்டாலே சொல்வார்கள். அதனால், இங்கேயே இருந்தாலும் திரும்பிப் போனாலும் கூடவே வரக்கூடிய பணமாகச் சேர்த்து வை. மனை அப்படி வராது. உன் எஸ்ஐபியும் வராது. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் அவசரப் பணம். ஹெச்-1பியில் வேலை போனால் உனக்கு இருப்பது 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி விசாவுக்கு மனு போட வேண்டும், இல்லை வேறு வழி பார்க்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். மார்க்கெட் விழுவதும் கம்பெனிகள் ஆள் குறைப்பதும் பெரும்பாலும் ஒரே சமயத்தில்தான் நடக்கும். ஆகவே ஆறு மாதச் செலவுப் பணம், டாலராகவே, இங்கேயே, சேமிப்புக் கணக்கில். ஊரில் எஃப்டியாக இல்லை. அது சேரும்வரை மனை, ஷேர், தங்கம் எதையும் பேசாதே. அப்பாவிடமும் இதைச் சொல்லு, புரிந்துகொள்வார்.

சரி, மனை. இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கும் இதே காட்பாடிப் பக்கம்தான் நடந்தது.

2012-ல் லீவில் வந்திருந்தேன். புரோக்கர் எங்களை ஒரு வேனில் அழைத்துப் போனார். வெட்டவெளியில் வெள்ளையடித்த கல், ஒவ்வொரு கல்லுக்கும் மஞ்சள் கொடி, நடுவில் சாமியானா. பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் இலையில் விழுந்த கையோடு ஒரு வரைபடத்தை விரித்து, "இங்க பார்க் வருது, இங்க நாற்பதடி ரோடு" என்றார். அப்ரூவல் இருக்கிறதா என்று கேட்டேன். "பஞ்சாயத்து அப்ரூவல் பக்காவா இருக்கு மேடம்." அது போதாது, டிடிசிபி (அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது; அப்பாவுக்கும் தெரியாது. 9 லட்சத்துக்குப் பத்திரம் முடித்தோம்.

2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த நேரத்தில்தான் தங்கச்சி கல்யாணத்துக்காக மனையை விற்க அப்பா ஆள் பிடித்து வைத்திருந்தார். பதிவாளர் ஆபீஸில் காலையிலிருந்து காத்திருந்து, பத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு நான் இங்கே கடன் வாங்கி அனுப்பினேன். மறுவருடம் அந்த மாதிரி மனைகளை அங்கீகரிக்க அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. கட்டணம் கட்டி, அலைந்து, அதைச் சரிசெய்யவே இரண்டு வருடம் போனது. பார்க் இன்னும் வரவில்லை என்பது வேறு.

2024 கடைசியில் ஒருவழியாக 20 லட்சத்துக்கு விற்றேன். ஊரில் எல்லோரும் "டபுளுக்கு மேல ஆயிடுச்சே" என்றார்கள். நான் டாலரில் கணக்குப் போட்டேன். வாங்கும்போது டாலர் ஏறக்குறைய 54 ரூபாய்; அப்படியென்றால் நான் போட்டது 16,600 டாலர் சொச்சம். விற்கும்போது 84, கிடைத்தது 23,800. வரிக்கும் வரன்முறைக் கட்டணத்துக்கும் முன்னால். அதே காலத்தில் அமெரிக்காவின் பெரிய கம்பெனி ஷேர்களைக் கணக்கிடும் எஸ்&பி 500 குறியீடு நாலு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.

வரியில் இன்னொரு அடி. 2024 ஜூலை பட்ஜெட்டில் நிலம் விற்ற லாபத்துக்கு 20 சதவீதம் என்பதை 12.5 ஆக்கினார்கள், பதிலுக்கு, விலைவாசிக்கேற்ப அடக்கவிலையை உயர்த்திக்கொள்ளும் இன்டெக்ஸேஷனை எடுத்துவிட்டார்கள். கூச்சல் கிளம்பியதும், பழைய சொத்துகளுக்கு இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்று தளர்த்தினார்கள். ஆனால் அந்தச் சலுகை உள்நாட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். நமக்குக் கிடையாது. என் மனை என் தம்பி பெயரில் இருந்திருந்தால் செஸ் (வரி மேல் போடும் வரி) நீங்கலாகச் சுமார் 73,000 ரூபாய் வரி. என் பெயரில் இருந்ததால் 1,37,500. அதே கல், அதே கொடி.

அதோடு, விற்பவர் என்ஆர்ஐ (வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர்) என்றால் வாங்குபவர் வரியைப் பிடித்துக் கட்டிவிட்டுத்தான் மிச்சத்தைத் தர வேண்டும். லாபத்துக்கு மட்டும் பிடிக்க வேண்டுமானால் வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. அதனால் 20 லட்சம் முழுவதற்கும் கணக்குப் போட்டு இரண்டரை லட்சத்துக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். ரிட்டர்ன் போட்டு மிச்சத்தைத் திரும்ப வாங்கினேன். பவர் எழுதிக் கொடுக்க ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போன கதையை நேரில் சொல்கிறேன்.

உன் அப்பா பேசி வைத்திருக்கிற மனையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, நிலம் எந்த வகை என்பது. என்ஆர்ஐ இந்தியாவில் வீடோ வீட்டு மனையோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக்கூடாது. தாத்தா சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், வாங்கத்தான் கூடாது. பட்டாவில் புன்செய் என்றிருக்கும் நிலத்தைக் கல் நட்டு மனை என்று விற்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். சிக்கினால் மாட்டிக்கொள்வது புரோக்கர் இல்லை, நீ.

ஆனால் அப்பாவுக்கு ஆசை, அவர் கண் முன்னால் ஒரு நிலம் வேண்டும் என்றால், அது வேறு கணக்கு. அதை முதலீடு என்று சொல்லாதே. அப்பாவுக்குச் செய்வது என்று எழுதிக்கொள். நான் ஊருக்கு அனுப்புகிற பணத்துக்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறேன். அதில் வட்டி, லாபம் என்று எதுவும் எழுதுவதில்லை.

அப்புறம் இந்த 90 ரூபாய். நான் வந்த 2007 கடைசியில் ஒரு டாலர் 40 ரூபாய்க்குக் கீழே இருந்தது. 2013-ல் 68 தொட்டபோது, இதற்கு மேல் போகாது என்று கடன் வாங்கி அனுப்பியவர்கள் எங்கள் அபார்ட்மெண்டிலேயே இருந்தார்கள். 40-லிருந்து 90 என்றால் வருடத்துக்குச் சராசரி நாலரை சதவீதம் ரூபாய் தேய்ந்திருக்கிறது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ஊர் பேங்கில் ரூபாயாகப் போடுகிற என்ஆர்இ எஃப்டியில் ஏழு சதவீதம் என்று கேட்டால் இனிக்கும், தேய்மானத்தைக் கழி. அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, ஆனால் இங்கே உண்டு. அதையும் கழித்துவிட்டுப் பார். வீட்டுக் கடன் அடைக்க, அம்மா ஆஸ்பத்திரிச் செலவுக்கு அனுப்ப 90 நல்ல விலைதான். சேர்த்து வைக்க அது ஒரு காரணமே இல்லை.

எஸ்ஐபிக்கு வருகிறேன். பலருக்கு இது தெரியாது. அமெரிக்க வரிச் சட்டத்தில் நீ இங்கே குடியிருப்பவன் ஆன பிறகு, இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் 'பிஃபிக்' (ஒருவகை வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்) என்கிற வகையில் விழும். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனியாக 8621 என்று ஒரு படிவம். லாபத்துக்கு உச்சபட்ச விகிதத்தில் வரி, அதன் மேல் வட்டி என்று போகும். தொகை சிறியது என்றால் படிவத்திலிருந்து சில விலக்கு உண்டு, ஆனால் அதை நம்பி மாதாமாதம் சேர்த்துக்கொண்டே போகாதே. எஸ்ஐபியை இந்த மாதமே நிறுத்து. ஏற்கெனவே இருப்பதை எப்போது விற்பது என்று, இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஒரு கணக்காளரிடம் காசு கொடுத்துக் கேள். எனக்கு அந்த 300 டாலர் செலவு செய்ய ஆறு வருடம் மனசு வரவில்லை. அந்த ஆறு வருடத்துக்குக் கட்டியது அதைவிடப் பல மடங்கு.

ஊர் பேங்க் கணக்கை இன்னும் பழைய சேமிப்புக் கணக்காகவே வைத்திருக்கிறாய் என்று உன் கேள்வியிலிருந்து தோன்றுகிறது. அதை என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவருக்கான ரூபாய்க் கணக்கு) ஆக மாற்ற வேண்டும், அது சட்டம். அப்பாவோடு கூட்டாக வைத்திருக்கிற கணக்கையும் மறக்காதே. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் இங்கே எஃப்பார் என்கிற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். வரி இல்லை, தகவல்தான். ஆனால் கொடுக்காமல் விட்டால் அபராதம் தாங்காது.

இங்கே என்ன செய்வது என்றால், அதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கம்பெனி 401கே-யில் (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) அவர்கள் ஈடாகப் போடும் அளவுக்காவது முதலில் போடு. மொத்த மார்க்கெட்டையும் அப்படியே பின்பற்றுகிற, பரந்த இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று போதும். நாளைக்கு ஊருக்கே போனாலும் அந்தக் கணக்கை இங்கேயே விட்டு வைக்கலாம். எடுக்கும்போது மட்டும் வரி வருகிற மாதிரி தள்ளி வைத்துக்கொள்ள இந்திய வருமான வரிச் சட்டத்திலும் 2021-ல் வழி செய்திருக்கிறார்கள். கூடவே வரும் பணம் என்று சொன்னேனே, இதுதான்.

கம்பெனி ஷேர் கொடுத்தால் கைக்கு வந்ததும் விற்றுவிடு. என் சித்தப்பா மகன் ராணிப்பேட்டையில் ஷூ மேல்பாகம் தைக்கிற ஏற்றுமதி யூனிட் ஒன்றில் சூப்பர்வைசர். (நான் கிளம்பும்போது எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம், இப்போது அது தனி மாவட்டம்.) சம்பளம் தோல் தொழிலில். சேர்த்த காசை வட்டிக்கு விட்டதும் தோல் மண்டிக்காரர் ஒருவரிடம். 2025 ஆகஸ்ட் கடைசியில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத இறக்குமதி வரி போட்டதும் ஆர்டர் நின்றது, ஓவர்டைம் நின்றது, மண்டிக்காரர் போன் எடுப்பதையும் நிறுத்தினார். நீயும் சம்பளம், விசா, ஷேர் மூன்றையும் ஒரே கம்பெனியில் வைத்திருந்தால் அவனுக்கும் உனக்கும் வித்தியாசம் ஏசி மட்டும்தான்.

அறிவிப்புகளைப் பற்றிக் கேட்டாய். 2020 மார்ச்சில் நான் கோவிட் வார்டில் இருந்தேன். ஒரு நாள் பிரேக் ரூமில் மாஸ்க்கைக் கழற்றி, மூக்கில் விழுந்த தழும்பைத் தேய்த்துக்கொண்டே போனைத் திறந்தேன். என் 403பி கணக்கு (ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் 401கே போல இருப்பது) மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. கண் முன்னால் பார்த்துக்கொண்டிருந்ததை வைத்து, உலகமே முடிந்தது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் விற்று, பெரிதாக ஏறி இறங்காத பணச் சந்தை ஃபண்டுக்கு மாற்றினேன். மார்ச் 20. மார்க்கெட் அடியைத் தொட்டது 23-ம் தேதி. பயம் தெளிந்து நான் திரும்பி நுழைந்தது நவம்பரில், விற்ற விலையைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்து. வார்டில் நான் பார்த்தது எதுவும் பொய் இல்லை. ஆனால் மார்க்கெட் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

2025 ஏப்ரலில் இறக்குமதி வரி அறிவிப்பு வந்து இரண்டே நாளில் மார்க்கெட் பத்து சதவீதம் விழுந்தபோது போனை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். ஒரு வாரத்தில் 90 நாள் தள்ளிவைப்பு என்றார்கள், ஒரே நாளில் ஒன்பதரை சதவீதம் ஏறியது. அதே வருடம் மே மாதம் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு 5 சதவீத வரி என்று வாட்ஸ்அப்பில் அலறல். மசோதா நகர நகர அது 3.5 ஆகி, கடைசியில் 1 ஆகி, அதுவும் ரொக்கம், மணி ஆர்டர் மாதிரி கொடுத்து அனுப்புவதற்கு மட்டும் என்று முடிந்தது. பேங்க் கணக்கிலிருந்து அனுப்புகிற நமக்கு ஒன்றும் இல்லை. அதற்குள் பயந்து, கார்டில் கடன் எடுத்து அனுப்பிவிட்டு இன்னும் வட்டி கட்டுகிறவரை எனக்குத் தெரியும்.

இப்போது வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் கணக்கைத் திறக்கிறேன்: வைகாசி முதல் தேதி, எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று. அப்பா போனில் மேளச் சத்தத்தைக் கேட்க வைப்பார், மறக்காது. ஷேர் 70, பாண்டு (கடன் பத்திரம்) 30 சதவீதம் என்று வைத்திருப்பது எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பழையபடி சரிசெய்வேன். அரை மணி நேர வேலை.

தங்கத்தைப் பற்றி அம்மா கேட்டால் வாங்கிக் கொடு, அவ்வளவுதான். மாதம் நூற்றுக்கு எட்டு வட்டி என்று யாராவது வந்தால் அப்பாவை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தச் சொல். 2022-ல் நம் பக்கம் அப்படி ஒன்று மூடியபோது என் பெரியம்மா வீட்டில் பென்ஷன் பணம் முழுவதும் போனது.

மனை விஷயத்தில் அப்பாவிடம் சண்டை போடாதே. சர்வே நம்பரும் டிடிசிபி நம்பரும் மட்டும் வாங்கி எனக்கு அனுப்பு. என் தம்பி காட்பாடியில்தான் இருக்கிறான், வில்லங்கம் போட்டு, பட்டாவையும் பார்த்துச் சொல்லச் சொல்கிறேன். டிடிசிபி நம்பர் கேட்டதும் புரோக்கர் "அது ப்ராசஸ்ல இருக்கு" என்று சொன்னால், சர்வே நம்பரைக்கூட அனுப்ப வேண்டாம்.