சாரணர் படையை நடத்தும் தன்னார்வத் தலைவர்களுக்கு எப்படி நன்றி தெரிவிக்கலாம்?

தம் பிள்ளை படிக்கும் பள்ளியில் சாரணர், சாரணியர் (ஸ்கவுட்ஸ், கைட்ஸ்) படைகளை நடத்தும் ஆசிரியர்களுக்கு ஆண்டு விழாவில் பொன்னாடையும் கேடயமும் கொடுத்தால் போதுமா, வேறு ஏதேனும் செய்யலாமா என்பது பெற்றோர் ஒருவரின் கேள்வி. பள்ளிப் பருவத்தில் சாரணனாக இருந்து, இப்போது மகளின் பள்ளியில் பெற்றோர் குழுவில் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பொன்னாடை கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஆண்டு முழுவதும் தனியாகச் சுமக்கும் வேலையில் ஒரு பங்கை நீங்கள் எடுத்துக்கொண்டால், அதைவிடப் பெரிய மரியாதை அவர்களுக்கு வேறில்லை என்பது என் கருத்து.

பாரத சாரண சாரணியர் இயக்கம், நாட்டில் தனித்தனியே இயங்கிவந்த சாரணர் அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று ஒன்றிணைந்ததால் உருவானது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 15 அன்று சாரணியரும் அதில் சேர்ந்தனர். இது அரசியல் சார்பற்ற தன்னார்வ இயக்கம். படையை நடத்துபவர் பெரும்பாலும் அதே பள்ளியில் கணக்கோ தமிழோ கற்பிப்பவர்தான். பள்ளி விட்ட பிறகும் சனிக்கிழமைகளிலும் அவர் மைதானத்தில் நின்று முடிச்சும் முதலுதவியும் சொல்லிக்கொடுப்பது சம்பளத்தில் சேராத வேலை.

அவருடைய கழுத்தில் தோல் கயிற்றில் கோத்த இரண்டு சிறிய மர மணிகளைப் பார்த்திருக்கிறீர்களா? அது அலங்காரம் அன்று. அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பிறகு, ஹிமாலய வுட் பேட்ஜ் என்னும் பயிற்சியையும் முடித்தவர்களே அதை அணியலாம். லண்டனை அடுத்த கில்வெல் பார்க்கில் 1919இல் தொடங்கிய மரபு அது. அவர்களுடைய ஸ்கார்ஃபின் பின்புறம் தைத்திருக்கும் கட்டம்போட்ட சிறு துணி, அந்த இடத்தை வாங்கிக் கொடுத்த மெக்லாரனின் குலத்துக்கு உரியது. இயக்கத்தின் தேசியப் பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்தில் பச்மரியில் இருக்கிறது. அங்கே நடக்கும் பயிற்சிக்கு நம் ஊர் ஆசிரியர் ஒருவர் போவதென்றால், பிபரியா ரயில் நிலையத்தில் இறங்கி மலையேற வேண்டும். ஓர் ஆசிரியர் அந்த மணிகளைப் பெற்றுத் திரும்பும்போது, அது என்னவென்று தெரிந்து வாழ்த்தும் பெற்றோர் ஒருவர் பள்ளி வாசலில் இருப்பது, விழா மேடையில் பொதுவாகச் சொல்லப்படும் பத்துப் புகழுரைகளைவிட அவரை மகிழ்விக்கும்.

இனி வேலைப் பகிர்வு. ஒரு முகாமுக்குப் பின்னால் இருக்கும் காகித வேலையைப் பெற்றோர் பெரும்பாலும் பார்ப்பதில்லை: ஒவ்வொரு பிள்ளைக்கும் சம்மதக் கடிதம், பெற்றோரின் கைப்பேசி எண், ஒவ்வாமை, மருந்து விவரம், பேருந்துக்கு முன்பணம், அரிசி மளிகைக் கணக்கு. கையெழுத்து வராத கடிதங்களுக்காக இரவு ஒன்பது மணிக்கு வீடு வீடாகத் தொலைபேசியில் அழைப்பவரும் அந்த ஆசிரியர்தான். எங்கள் பள்ளியில் பெற்றோர் இருவர் அந்தக் கடிதங்களைச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டோம். அதற்கு அடுத்த முகாமுக்கு முன்தினம், சாரண ஆசிரியர் முதன்முறையாகத் தம் பையைத் தாமே நிதானமாக அடுக்க நேரம் கிடைத்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். முகாமில் அவர் தம் கையிலிருந்து செலவழித்த பணமும் கவனிக்கப்பட வேண்டும். வழியில் வாங்கிய குடிநீர் கேன், திடீரென்று வாந்தியெடுத்த பிள்ளைக்கு வாங்கிய மாத்திரை, ஆட்டோ வாடகை போன்றவற்றுக்கு ரசீது இருக்காது, அவரும் கேட்கமாட்டார். முகாம் முடிந்த வாரத்திலேயே பெற்றோர் குழு தானாகக் கேட்டுக் கணக்கைத் தீர்த்துவிடுவது நல்லது.

சாரணியர் படையை நடத்தும் ஆசிரியைகளின் நிலை இன்னும் கடினமானது. பெண் பிள்ளைகளை இரவு தங்கும் முகாமுக்கு அழைத்துச் செல்பவர், தம் சொந்தக் குழந்தையை வேறொருவரிடம் விட்டுவிட்டுத்தான் வருகிறார். எங்கள் ஆசிரியையின் கணவர் வெளியூரில் வேலை பார்ப்பவர் என்று தெரிந்ததும், ஒரு சாரணியின் தாய், "டீச்சர், முகாம் முடியும்வரை பாப்பா எங்கள் வீட்டில் இருக்கட்டும், காலையில் நானே பள்ளியில் விட்டுவிடுகிறேன்" என்றார். அந்த ஆசிரியை இன்றும் மற்றவர்களிடம் சொல்லி மகிழ்வது இந்த உதவியைத்தான். அவருக்குக் கிடைத்த கேடயங்கள் ஆசிரியர் ஓய்வறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.

எழுத்தில் நன்றி சொல்வதென்றால், தலைமையாசிரியருக்கு முகவரியிட்டு எழுதி, நகலைச் சாரண ஆசிரியரிடம் கொடுங்கள். "சிறப்பாகச் சேவை செய்கிறார்" என்று எழுதிப் பயனில்லை. மேடையில் பேசவே அஞ்சிய பிள்ளை அணித் தலைவனாகிப் பாசறைத் தீ (கேம்ப் ஃபயர்) நிகழ்ச்சியை நடத்தினான் என்பது போல நடந்ததை எழுதுங்கள். சாரணர் பயிற்சிக்கு வகுப்பு நேரம் ஏன் போகிறது என்று ஆசிரியர் கூட்டத்தில் கேள்வி எழும்போது அந்தக் கடிதம் அவருக்குக் கைகொடுக்கும். பழைய மாணவர்களையும் தேடிப் பிடியுங்கள். ராஜ்ய புரஸ்கார் என்னும் மாநில அளவிலான சாரணர் விருதைப் பெற்றவர்கள், ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒருசிலர் எந்தப் பள்ளியிலும் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் வந்து இன்றைய படையின் முன் நின்று ஐந்து நிமிடம் பேசினால் போதும்.

இயக்கத்திலேயே தலைவர்களுக்கு விருதுகள் உண்டு. மெடல் ஆஃப் மெரிட், சில்வர் ஸ்டார், எல்லாவற்றுக்கும் மேலாகச் சில்வர் எலிஃபண்ட். ஆனால் யாராவது பரிந்துரைத்தால்தான் பெயர் மேலே போகும். தமக்காகத் தாமே அலைய அந்த ஆசிரியர் கூச்சப்படுவார். ஆகவே அவருடைய பயிற்சிச் சான்றிதழ்கள், நடத்திய முகாம்கள், விருது பெற்ற மாணவர்களின் பட்டியல் ஆகியவற்றைத் தொகுத்துத் தலைமையாசிரியர் வழியாக மாவட்டச் சாரணர் அலுவலகத்துக்கு அனுப்ப வைப்பது பெற்றோர் குழு செய்யக்கூடிய வேலை.

பரிசுப் பொருளில் ஓர் எச்சரிக்கை. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உண்டு. விலை உயர்ந்த பொருளோ பணமோ கொடுத்து அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். நாளைப் பொறுத்தவரை, செப்டம்பர் 5 வேண்டாம். அன்று எல்லா ஆசிரியர்களுக்கும் பூங்கொத்து கிடைக்கும். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் பிறந்த நாளான பிப்ரவரி 22 பொருத்தமானது, ஆனால் தேர்வுக் காலம் நெருங்கிவிடும். எனவே பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவான நவம்பர் 7தான் வசதி.

ரோவர்கள் எனப்படும் மூத்த சாரணர்களாக, ஊதியமின்றி உதவிக்கு வரும் கல்லூரி மாணவர்களை மறந்துவிடுகிறோம். அவர்களுக்குப் பேருந்துக் கட்டணமும், வேலை விண்ணப்பத்தில் இணைக்கக்கூடிய, அவர்கள் செய்த பணியை விவரிக்கும் சான்றிதழும் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. அரசுப் பள்ளியில் பணியிட மாறுதல் பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டித்தான் நடக்கிறது. பல ஆண்டுகள் படையை நடத்தியவர், விடுமுறையால் பிள்ளைகள் யாரும் பள்ளியில் இல்லாத நேரத்தில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறார். உங்கள் ஆசிரியர் மாறுதலுக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தில் இருக்கிறாரா என்று ஜனவரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால், வழியனுப்பு நிகழ்ச்சியை முழு ஆண்டுத் தேர்வு தொடங்கும் முன்பே, படை முழுவதும் சீருடையில் வரக்கூடிய ஒரு சனிக்கிழமையில் வைத்துவிடுங்கள்.