தோட்டத்து வீடும் கட்டுத்தரையும்: புதுப்பிப்பவர்கள் கேட்ட கேள்விகள்

கொங்குப் பக்கமிருந்து இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. தாத்தா காலத்துத் தொட்டிக்கட்டு வீடு (நடுவில் 'தொட்டி' என்ற திறந்த முற்றம் உள்ள வீடு), காட்டுச் சாளை (தோட்டத்துச் சிறு வீடு), மாட்டுக் கட்டுத்தரை (தொழுவம்) என்று எதுவானாலும், இடிக்காமல் சரிசெய்து, கொஞ்சம் பெரிதாக்கிக் குடியிருக்க வேண்டும் என்கிறார்கள். இப்படி நினைப்பவர்கள் இருப்பதே பெரிய சந்தோஷம். ஒரே வருத்தம், பலரும் பொருளை வாங்கிய பிறகோ அட்வான்ஸ் கொடுத்த பிறகோதான் எழுதுகிறார்கள். அதனால் இந்தத் தடவை கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்து வீட்டுக்கு நூறு வயது இருக்கும். செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக் கூரை. சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்கு ஈரம் ஏறிப் பொரிந்து உதிர்கிறது. பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, மேலே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் இருபது வருடம் கவலையில்லை என்கிறார் கான்ட்ராக்டர். ஒப்புக்கொள்ளலாமா? (காங்கேயம் அருகிலிருந்து ஒரு வாசகர்)

ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்துச் செங்கலும் மென்மையானது, அதைக் கட்டிய சுண்ணாம்புக் கலவையும் மென்மையானது. மண்ணிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம் பூச்சின் வழியாகவே ஆவியாகி வெளியேறிவிடும். சிமென்ட் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் போன்ற பெயின்டை அடித்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஈரம் வெளியே போக இடமில்லாமல் இன்னும் மேலே ஏறும். மூன்றடியில் இருந்த பிரச்சினை ஐந்தடிக்குப் போகும். ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே தங்கிச் செங்கலை மாவாக்கும். சில வருடம் கழித்து சிமென்ட் பெயர்ந்து விழும்போது செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். அதற்குப் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் பழைய சுவர் திரும்பாது.

முதல் செலவைத் தண்ணீருக்குச் செய்யுங்கள். வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். வாசலிலும் பக்கவாட்டிலும் சுவரை ஒட்டி காங்கிரீட் தளம் போட்டிருக்கிறதா? நான் பார்த்த பழைய வீடுகளில் ஈரத்துக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். தரை மூச்சுவிட முடியாமல், ஈரம் சுவர் வழியாக ஏறுகிறது. சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்கு அந்தக் காங்கிரீட்டை எடுத்துவிட்டு ஜல்லி நிரப்புங்கள். சாலையைத் திரும்பத் திரும்ப உயர்த்தியதால் வெளித்தரை வீட்டுத் தரையைவிட மேலே போயிருந்தால், மண்ணை வெட்டிச் சரிவு கொடுங்கள். தொட்டியில் விழும் மழைநீர் வெளியேறும் சலதாரை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டிலிருந்து வழியும் தண்ணீர் சுவர் அடியிலேயே விழுகிறதா என்றும் பாருங்கள். இவற்றையெல்லாம் சரிசெய்துவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். பூச்சு அப்புறம்.

பூச்சுக்குச் சுண்ணாம்பு வாங்கும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெள்ளையாக மூட்டையில் வருவதெல்லாம் சுண்ணாம்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சுவர் புட்டிகளில் பல வெள்ளை சிமென்ட் கலந்தவை. "பாரம்பரியப் பூச்சு" என்று விற்கும் சில பொருட்களில் பாலிமர் பசை இருக்கும். மூட்டையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படியுங்கள், எழுதியிருக்காவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். கட்டடச் சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 712 என்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அதில் எந்த வகை என்று கேட்டால் விஷயம் தெரிந்த வியாபாரி பதில் சொல்வார்.

வீட்டிலேயே செய்து பார்க்க இரண்டு சோதனைகள் இருக்கின்றன. சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாளித் தண்ணீரில் போட்டால் சீறிக் கொதித்து உடைந்து கரைய வேண்டும். சும்மா கிடந்தால் சரியாக வேகாதது, அல்லது பழையது. நீர்த்த சுண்ணாம்புத் தூள் என்றால் ஒரு சிட்டிகையில் வினிகரை விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் அது காற்றில் கிடந்து சத்துப் போன சரக்கு. நல்ல சுண்ணாம்பு அதிகம் நுரைக்காது. சோதிக்கும்போது கண்ணாடி, கையுறை கட்டாயம். கொதிக்கும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பது பழைய முறை. செய்யத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். அவர் வேலை செய்து இரண்டு மழைக்காலம் கடந்த ஒரு சுவரை நேரில் பார்த்துவிட்டு ஆளைப் பிடியுங்கள். உங்கள் வீட்டிலும் முதலில் மூன்றடிக்கு மூன்றடி மாதிரி பூசச் சொல்லுங்கள். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக மாற வேண்டும். "நாலு நாளில் முடித்துத் தருகிறேன்" என்பவருக்கு இந்த வேலை தெரியாது.

கேள்வி: கல்தூண் வைத்த கட்டுத்தரை ஒன்று இருக்கிறது. இப்போது மாடு இல்லை. அதை இரண்டு அறைகளாக மாற்றி, பக்கத்தில் ஒரு சமையலறையும் குளியலறையும் சேர்த்துக் கட்ட ஆசை. பழைய தோற்றம் கெடக்கூடாது. என்னென்ன வாங்க வேண்டும்? (தாராபுரத்திலிருந்து ஓர் அம்மா)

அம்மா, வாங்கும் பட்டியலுக்கு முன் தரையைப் பாருங்கள். பல பத்தாண்டுகள் மாடு கட்டிய இடத்தில் கோமியம் மண்ணிலும் சுவரின் அடியிலும் ஊறி, அந்த உப்பு அப்படியே நிற்கும். மேலே டைல்ஸ் ஒட்டினால் இடுக்குகளில் வெள்ளையாகப் பூத்து வரும், சுவர் பெயின்ட் கொப்பளிக்கும். கட்டுத்தரையை அறையாக மாற்றிய பலர் டைல்ஸ் கடைக்காரரோடு சண்டை போடுவது இதனால்தான். டைல்ஸில் குறை இருந்திருக்காது. அடியில் ஊறிய மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, புது மண்ணும் ஜல்லியும் போட்டுத் திமிசால் இடித்து இறுக்க வேண்டும். தூண் அடிக்கல்லை ஒட்டித் தோண்டும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் திறக்காமல், துண்டு துண்டாகச் செய்யச் சொல்லுங்கள்.

சுவரின் அடிப்பாகத்துக்கு மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைத் தியாகப் பூச்சாகக் கொடுங்கள். உப்பு அதில் வந்து பூக்கும். ஒன்றிரண்டு வருடத்தில் அதை உதிர்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினால் உப்பு படிப்படியாகக் குறையும். எபாக்ஸி (ஈரம் புகாத ரெசின் பூச்சு) பூசி மூடிவிடலாம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். தரைக்குக் கருங்கல் பலகையோ கடப்பாக் கல்லோ போதும், கல்தூணோடு பொருந்தியும் போகும்.

இனி, சேர்த்துக் கட்டுவது. குளியலறை, சமையலறை இரண்டையும் புதுப் பகுதியிலேயே வைக்க நினைத்தது ரொம்பச் சரி. தண்ணீர்க் குழாய் எதுவும் பழைய சுவருக்குள் போகக்கூடாது. புதுக் கட்டடத்தின் அஸ்திவாரம் தனியாக இருக்கட்டும். பழையது எப்போதோ அமர்ந்துவிட்டது, புதியது இனிமேல்தான் அமரும். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் சேரும் இடத்தில் விரிசல் விடும். நடுவே ஒரு சின்ன நடைவழி விட்டு, அதற்கு மட்டும் தாழ்வான ஓட்டுக் கூரை போட்டு இணையுங்கள். பழைய சுவரை ஒட்டி அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகப் பள்ளம் எடுக்க ஜே.சி.பி.யை விடவே கூடாது.

புதுப் பகுதியின் உயரம் பழைய கூரையின் உயரத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். கூரைச் சரிவும் அதே அளவு. சுவரில் பழைய வீட்டின் வேலைப்பாட்டைப் போலியாகச் செய்து ஒட்ட வேண்டாம், எளிமையான வெள்ளைச் சுவர் போதும். பத்து வருடம் கழித்துப் பார்ப்பவர் எது பழையது, எது புதியது என்று தெரிந்துகொள்வதே நல்லது என்பது என் கருத்து. சிலர் இதை ஏற்பதில்லை. ஆனால் ஃபைபர் தூணும் சிமென்ட் யாளியும் பக்கத்தில் நிற்கும்போது உண்மையான கல்தூணின் மதிப்பும் போய்விடுகிறது.

மேலே ஒரு மாடி எடுக்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். மண்ணிலும் சுண்ணாம்பிலும் கட்டிய சுவர் மேல் காங்கிரீட் தளம் போட வேண்டாம். இடம் இருக்கிறது, பக்கவாட்டில் போங்கள்.

மின்சாரத்துக்கு ஒரு வார்த்தை. கிணற்று மோட்டாருக்கான இலவச விவசாய இணைப்பிலிருந்து கட்டட வேலைக்கோ வீட்டுக்கோ கம்பி இழுக்கக்கூடாது. தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். வயரிங்கைச் சுவரைக் காடி வெட்டிப் புதைக்காமல், மேலாகவே மரச்சட்டத்தில் ஓட்டலாம்.

கேள்வி: கூரையில் பாதி ஓடு உடைந்துவிட்டது. ஓடு மாதிரியே அச்சடித்த தகர ஷீட் சீக்கிரம் முடியும் என்கிறார்கள். பழைய ஓடு வாங்குவது நல்லதா? (பல்லடம்)

தகரம் கோடையில் காயும், மழையில் பேச்சே கேட்காது. ஓட்டிடுக்கு வழியாக வெப்பக் காற்று வெளியேறும் வசதியும் போய்விடும். ஓட்டைப் பிரித்து மறுபடி கூரை மேய்வதுதான் சரி.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது மங்களூர் ஓடு. 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஆலை தொடங்கியதிலிருந்து பல கம்பெனிகள் இதைச் செய்திருக்கின்றன. ஒவ்வொரு கம்பெனி அச்சும் கொஞ்சம் வேறுபடும். ஓட்டின் அடியில் கம்பெனிப் பெயர் பதிந்திருக்கும். அதே பெயருள்ள ஓடாகத் தேடுங்கள். வேறு அச்சு என்றால் கொக்கி சரியாக உட்காராது, அந்த இடத்தில் ஒழுகும். வாங்கும்போது தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்தால் எடுங்கள், மொத்தையாக வந்தால் உள்ளே கீறல் இருக்கிறது. ஒன்றிரண்டை எடைபோட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடைபோட்டால் எது அதிகம் தண்ணீர் குடிக்கிறது என்று தெரியும். உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள்.

போதாவிட்டால், உங்கள் வீட்டு நல்ல ஓடுகளையெல்லாம் முன்பக்கச் சரிவில் சேர்த்து, புது ஓடுகளைப் பின்பக்கச் சரிவில் போடுங்கள். முகப்பும் மாறாது, ஒழுகவும் ஒழுகாது.

கூரையைப் பிரித்ததும் ஓட்டைத் தாங்கும் பனை வாரைகளை (நீளச் சட்டங்களை) ஒவ்வொன்றாக ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நுனி மட்டும் உளுத்திருந்தால் அந்த நுனியை மட்டும் வெட்டி இணைக்கலாம். வைரம் பாய்ந்த பனையை விறகுக்குத் தள்ளிவிடாதீர்கள். பனை மரம் வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தது. புது வாரை அவ்வளவு எளிதில் கிடைக்காது.

பின்னால் இருக்கும் கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று எழுதியிருக்கிறீர்கள். கழற்றும்போது நனைத்துக்கொண்டு, உடைக்காமல், முழுதாக இறக்கச் சொல்லுங்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

கேள்வி: பழைய சாமான் வியாபாரி ஒருவர் எங்கள் வீட்டு நிலைக்கதவு, உத்திரம், தொட்டித் தூண்களுக்கு நல்ல விலை சொல்கிறார். அந்தப் பணத்தில் புது வேலை முடிந்துவிடும். விற்கலாமா? (கோபிசெட்டிபாளையம்)

விற்காதீர்கள். அவற்றை எடுத்த பிறகு புதுப்பிக்க என்ன இருக்கிறது? அவர் சொல்லும் விலையையும், அதே வேலைப்பாட்டில் ஒரு நிலைக்கதவை இன்று செய்ய ஆசாரி கேட்கும் கூலியையும் மரவிலையையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான் கடைகள் வரிசையாக உண்டு, நல்ல சரக்கும் கிடைக்கும். எந்த ஊர், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு பில்லோடு வாங்குங்கள். சிற்பம் செதுக்கிய கல்தூண், கோயில் சாமான் போல ஏதாவது இருந்தால் தொடவே வேண்டாம். திருட்டுச் சொத்தாக இருந்தால் வழக்கு உங்கள் வாசலுக்கு வரும்.

கேள்வி: சுண்ணாம்பு வேலை என்று பில் போட்டு, சிமென்ட் கலந்து பூசிவிட்டார் கான்ட்ராக்டர். கேட்டால் "எல்லோரும் இப்படித்தான்" என்கிறார். ஏழு லட்சம் கொடுத்துவிட்டோம். வழி உண்டா? (ஈரோடு)

உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் வேலையும் சேவைதான். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், அதுவும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே. குறை ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், கான்ட்ராக்டருக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பூச்சைச் சரிசெய்கிறேன் என்று அவர் சொன்னாலும், இப்போதைய நிலையைத் தேதியோடு படமெடுத்து, பெயர்த்த துண்டுகளைப் பத்திரப்படுத்தி, ஒரு சிவில் இன்ஜினியரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கிய பிறகே கைவைக்க விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்த வீட்டை விருந்தினர் இல்லமாக வாடகைக்கு விடும் திட்டம் இருந்தால், இது வியாபார நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்தக் குடியிருப்புக்கு என்றால் ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதியிருப்பது நல்லது.

இனி வேலை கொடுக்கப் போகிறவர்களுக்கு: பழைய கட்டடத்துக்குச் சதுர அடி ரேட் ஒத்துவராது. பூச்சு, ஓடு, மரம், தரை என்று இனவாரியாக ரேட் வாங்குங்கள். என்ன பொருள், என்ன கலவை விகிதம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். கூரையைத் திறந்த பிறகே தெரியும் வேலைக்குத் திறந்த பிறகு ரேட் பேசுவதாக ஒரு வரி சேருங்கள். முடிந்தால் பொருளை நீங்களே வாங்கி, கூலி மட்டும் பேசுங்கள். அட்வான்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம், மீதியை முடிந்த வேலையை அளந்து கொடுங்கள்.

கேள்வி: எங்கள் சாளைக்குப் பக்கத்தில் தொல்லியல் துறை பாதுகாக்கும் பழைய கோயில் இருக்கிறது. சேர்த்துக் கட்டத் தடை உண்டா? (அவிநாசி வட்டம்)

மத்திய தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்க அனுமதி பெறலாம். அதற்கு அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி, அங்கே கட்டவும் முன் அனுமதி வேண்டும். முதலில் சர்வேயரை வைத்துத் தூரத்தை அளந்து வரைபடமாக வாங்குங்கள். ஓடு, மரம் எதற்கும் அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.