அடுத்த அப்டேட்டில் என்ன வேண்டும்? கேள்விகளும் பதில்களும்

ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அடுத்து வரும் இயங்குதளப் பதிப்பில் என்ன வசதி வேண்டும் என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நீங்கள் கேட்ட வசதிகளில் பல ஏற்கெனவே உருவாக்கப்பட்டுவிட்டன. அவை உங்கள் கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் பெரிய குறை. அதனால் அந்தக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போன் வாங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இனி அப்டேட் வராது என்கிறார்கள். அடுத்த பதிப்பு எல்லாப் போன்களுக்கும் வர வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். இது நடக்குமா?

உங்கள் ஆசைக்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன். கூகுள் ஒரு பதிப்பை வெளியிட்டவுடன் அது நேராக உங்கள் போனுக்கு வந்துவிடுவதில்லை. சிப் தயாரிக்கும் நிறுவனம் அதற்கேற்ற மென்பொருளைத் தர வேண்டும். போன் நிறுவனம் அதன் மேல் தன்னுடைய வடிவமைப்பைப் பொருத்திச் சோதிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் செலவு உண்டு. உங்களிடம் போனை விற்று முடித்த நிறுவனத்துக்கு அந்தச் செலவால் நேரடி வருமானம் இல்லை. குறைந்த விலைப் போன்கள் சீக்கிரமே கைவிடப்படுவதற்கு இதுதான் காரணம்.

இதைச் சரிசெய்யக் கூகுள் எடுத்த முயற்சிகளில் இரண்டு முக்கியமானவை. 2017இல் ஆண்ட்ராய்டு 8உடன் வந்த 'புராஜெக்ட் ட்ரெபிள்' சிப் சார்ந்த பகுதியையும் இயங்குதளத்தையும் தனித்தனியே பிரித்தது. 2019இல் ஆண்ட்ராய்டு 10உடன் வந்த 'புராஜெக்ட் மெயின்லைன்' இயங்குதளத்தின் சில உள்பகுதிகளை பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்க வழிசெய்தது. இவற்றைத் தவிர, கூகுள் பிளே சர்வீசஸ் என்ற செயலி வழியாகவும் பல வசதிகள் வருகின்றன. போனைப் பறித்துக்கொண்டு ஓடினால் அந்த அசைவை உணர்ந்து திரையைத் தானே பூட்டும் திருட்டுத் தடுப்பு வசதி அப்படி வந்ததுதான். ஆண்ட்ராய்டு 10 உள்ள போனில்கூட அது வேலை செய்யும். எனவே உங்கள் போன் முழுமையாகக் கைவிடப்பட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து பாருங்கள். பாதுகாப்பு அப்டேட், கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் என்று இரண்டு தேதிகள் தனித்தனியே இருக்கும். இரண்டாவது தேதி இன்னும் நகர்ந்துகொண்டிருக்கலாம்.

முதல் தேதி நின்றுபோய் ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்றால் அந்தப் போனில் வங்கிச் செயலியையும் யுபிஐயையும் வைத்திருக்காதீர்கள். புதிய வசதிகள் வராமல் போவதைப் பொறுத்துக்கொள்ளலாம், பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

நிலைமை மாறியும் வருகிறது. 2023 அக்டோபரில் வந்த தன்னுடைய பிக்சல் 8 போனுக்குக் கூகுள் ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவதாக உறுதியளித்தது. அடுத்த ஜனவரியில் கேலக்ஸி எஸ்24க்குச் சாம்சங்கும் அதையே சொன்னது. 2019இல் வந்த ஐபோன் 11, 2025இல் வெளியான ஐஓஎஸ் 26ஐ ஏற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு அப்டேட் கிடைக்க வேண்டும் என்கிறது அது. இப்படி ஒரு விதி இந்தியாவிலும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பத்தாயிரம் ரூபாய் போன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கும் லட்ச ரூபாய் போன் வாங்குபவரின் கணக்குக்கும் ஒரே பாதுகாப்புதான் தேவை.

கேள்வி: என் தந்தைக்கு வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. தொட்டார், செயலி ஒன்று நிறுவப்பட்டது, வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. இதைத் தடுக்க அப்டேட்டில் வழி வராதா?

நடந்ததற்கு வருந்துகிறேன். இன்னும் காவல்துறையிடம் புகார் தரவில்லை என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை இப்போதே அழையுங்கள்.

இந்த மோசடியின் வழிமுறை ஒன்றுதான். ஏபிகே வடிவில், அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பாக, வரும் அந்தச் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும், அல்லது மாற்றுத்திறனாளிகளுக்காக உருவாக்கப்பட்ட அணுகல்தன்மை அனுமதியைக் கேட்கும். முதலாவது கிடைத்தால் ஓடிபி அதன் கையில். இரண்டாவது கிடைத்தால் திரையில் தெரிவதையெல்லாம் படித்து, உங்களுக்குப் பதிலாக அதுவே பொத்தான்களை அழுத்தும்.

இதற்கு எதிரான வேலை ஆண்ட்ராய்டு 13இலிருந்தே நடக்கிறது. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வந்த செயலிகளுக்கு அணுகல்தன்மை அனுமதியை எளிதில் தர முடியாதபடி அந்தப் பதிப்பு கட்டுப்படுத்தியது. 2025 ஜூனில் வந்த ஆண்ட்ராய்டு 16 இன்னும் நல்ல ஓர் அடியை எடுத்து வைத்தது. உங்கள் தொடர்புப் பட்டியலில் இல்லாத ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த அனுமதியைக் கொடுக்க முயன்றால் தடுத்துவிடும். 'வங்கியிலிருந்து பேசுகிறேன், இதை அழுத்துங்கள், அதை அழுத்துங்கள்' என்று பேசிக்கொண்டே ஏமாற்றுபவர்களைக் கவனித்து வடிவமைத்திருக்கிறார்கள். அதே பதிப்பில் 'அட்வான்ஸ்டு புரொடெக்ஷன்' என்ற ஒரே பொத்தானும் உண்டு. அதை இயக்கிவிட்டால் வெளியிலிருந்து எந்தச் செயலியையும் நிறுவ முடியாது. தந்தையின் போன் ஆண்ட்ராய்டு 16 என்றால் இன்றே இயக்கிக் கொடுங்கள். பழைய பதிப்பாக இருந்தால், வாட்ஸ்அப், பிரவுசர், கோப்பு மேலாளர் ஆகியவற்றுக்கு 'தெரியாத செயலிகளை நிறுவுதல்' அனுமதி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துவிடுங்கள். தீங்கான செயலிகளைக் கண்டுபிடிக்கும் பிளே புரொடெக்ட் அணைக்கப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

என் விருப்பம் இதற்கும் ஒரு படி மேலே. முதியவர் தாமே விரும்பி மகளையோ மகனையோ நியமித்துக்கொள்ள வேண்டும். ஆபத்தான அனுமதி எதையும் தருவதற்கு முன் அவர்களுடைய போனில் ஒப்புதல் கேட்க வேண்டும். குழந்தைகளின் போனுக்கு இப்படிப்பட்ட ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. பெரியவர்களுக்கு அவர்களுடைய மதிப்பு குறையாத வகையில் அதை வடிவமைப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடினம் என்பதற்காகத் தள்ளிப்போடும் நேரம் கடந்துவிட்டது.

கேள்வி: அழைப்புகளைப் பதிவு செய்யும் வசதியை ஏன் பறித்துக்கொண்டார்கள்? திரும்பத் தருவார்களா?

மற்றச் செயலிகள் அணுகல்தன்மை அனுமதியைப் பயன்படுத்தி அழைப்பைப் பதிவு செய்வதைக் கூகுள் 2022 மே மாதத்தில் தடை செய்தது. மேலே சொன்ன மோசடிகளைப் படித்தவர்களுக்குக் காரணம் புரியும். ஆனால் வசதி முழுவதுமாகப் போய்விடவில்லை. கூகுளின் போன் செயலியே பல மாடல்களில் பதிவு செய்கிறது, அப்போது இரு தரப்புக்கும் அறிவிப்பு ஒலிக்கும். ஐபோனில் 2024இல் ஐஓஎஸ் 18.1உடன் வந்தபோதும் அறிவிப்புடன்தான் வந்தது. அறிவிப்பு இல்லாமல் வேண்டும் என்று கேட்டவர்கள் பலர். நான் அறிவிப்பின் பக்கம் நிற்கிறேன். நம்முடைய பேச்சு நமக்குத் தெரியாமல் மற்றவர் போனில் சேமிக்கப்படுவதை நம்மில் யார் விரும்புவோம்?

கேள்வி: போன் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், சில செயலிகள் மட்டும் தமிழில் வேண்டும். அம்மாவின் போனில் நேர்மாறாக வேண்டும். அடுத்த பதிப்பில் வருமா?

வந்துவிட்டது! ஐபோனில் 2019இல் ஐஓஎஸ் 13உடனும், ஆண்ட்ராய்டில் 2022இல் 13ஆம் பதிப்புடனும் வந்தது. ஆண்ட்ராய்டில் அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குள் செயலிகளின் மொழி என்ற பிரிவு இருக்கிறது. ஐபோனில் அமைப்புகளில் அந்தச் செயலியின் பெயரைத் தொட்டால் மொழித் தேர்வு தெரியும். அங்கே மொழித் தேர்வே தெரியவில்லை என்றால் அந்தச் செயலியை உருவாக்கியவர்கள் அதற்கான ஏற்பாட்டைச் செய்யவில்லை என்று பொருள். அப்போது இயங்குதளத்தைக் குறை சொல்வதில் பயனில்லை, செயலிக்காரர்களுக்குத்தான் எழுத வேண்டும். தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களை நம்பியிருக்கும் வங்கிகளும் மருத்துவமனைகளும் தங்கள் செயலியில் தமிழ் வைக்காமல் இருப்பது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று. எழுதுங்கள். பலர் எழுதினால் மாறும்.

கேள்வி: எழுத்தைப் பெரிதாக்கினால் பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. எனக்கு 68 வயது. இதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டு 14இல் எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம், ஐயா. அதில் சிறிய எழுத்து அதிகமாகவும், ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்பு குறைவாகவும் வளரும். எல்லாம் ஒரே அளவில் வளர்ந்து திரை சிதைவது இதனால் குறைந்திருக்கிறது. இருந்தும் சில செயலிகளில், குறிப்பாகத் தமிழில், பொத்தானுக்குள் சொல் பாதியில் வெட்டுப்படுவதைப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் அடங்கும் கட்டளை தமிழில் பத்து எழுத்தாக நீளும். சோதிப்பவர்கள் ஆங்கிலத்தில் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். இது சரியாகும் வரை ஒரு மாற்று வழி: எழுத்தளவை ஒரு படி குறைத்து, அணுகல்தன்மைப் பகுதியில் உள்ள உருப்பெருக்கியை இயக்கிக்கொள்ளுங்கள். தேவைப்படும் இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

கேள்வி: 80 விழுக்காட்டில் சார்ஜ் ஏறுவது தானாக நிற்க வேண்டும்.

ஐபோன் 15 முதலான மாடல்களிலும், பிக்சலிலும், சாம்சங் போன்கள் பலவற்றிலும் இருக்கிறது. பேட்டரிப் பகுதியில் தேடுங்கள். லித்தியம் அயான் பேட்டரி முழுச் சார்ஜில் சூட்டோடு நீண்ட நேரம் இருப்பதால்தான் அதிகம் தேய்கிறது. எனவே உறையோடு தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்டேட் செய்த பிறகு பிடிக்கவில்லை என்றால் பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் வேண்டும்.

நியாயமான கோரிக்கை. கணினியில் விண்டோஸ் புதிய பதிப்புக்கு மாறியவர்களுக்குப் பத்து நாள் அவகாசம் தருகிறது. போனில் அது இல்லை. பழைய பதிப்பில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை வழியாகத் திருடர்கள் நுழையக் கூடாது என்பதற்காகத் திரும்பும் பாதையை அடைத்துவிடுகிறார்கள். ஆப்பிள் பழைய பதிப்புகளை நிறுவ ஒப்புதல் அளிப்பதைப் பெரும்பாலும் ஓரிரு வாரங்களிலேயே நிறுத்திவிடும். பிக்சல் 6 போன்களில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது அதற்கு முந்தைய பதிப்பை மீண்டும் நிறுவ முடியாதபடி செய்தார்கள், காரணமும் அதுவே.

காரணத்தை ஏற்கிறேன். ஆனால் பாதுகாப்புத் திருத்தமும் தோற்ற மாற்றமும் ஒரே பொட்டலத்தில் வருவதை ஏற்கவில்லை. ஓட்டையை அடைக்க வேண்டும் என்றால் பழகிய திரையையும் இழக்க வேண்டும் என்ற நிலை ஏன்? பார்வையற்ற வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் துணையோடு பொத்தான்களின் வரிசையை மனப்பாடமாக வைத்திருந்தாராம். ஒரே இரவில் எல்லாம் இடம் மாறிவிட்டன, சில பொத்தான்களுக்குப் பெயரே வாசிக்கப்படவில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகவாவது பழைய அமைப்பைச் சில மாதங்கள் வைத்திருக்கும் தேர்வு வர வேண்டும். இதை நிறுவனங்களிடம் விடாமல் கேட்கப் போகிறேன்.

கேள்வி: அப்டேட் செய்தவுடன் பேட்டரி வேகமாகக் குறைகிறது. வேண்டுமென்றே செய்கிறார்களா?

முதல் இரண்டு மூன்று நாட்கள் அப்படி இருப்பது இயல்பு. போன் எல்லாச் செயலிகளையும் புதிய பதிப்புக்கேற்ப மறுபடி தயார் செய்கிறது, படங்களை மீண்டும் வகைப்படுத்துகிறது. ஒரு வாரத்துக்குப் பிறகும் தொடர்ந்தால் பேட்டரிப் பகுதியில் எந்தச் செயலி அதிகம் எடுக்கிறது என்று பார்த்து அதை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள்.

கேள்வி: 64 ஜிபி போன். பாதி இடத்தைப் போனே எடுத்துக்கொள்கிறது. நீக்க முடியாத செயலிகள் வேறு. இதற்கு விடிவு?

இயங்குதளம் எடுக்கும் இடத்தைத் திரும்பப் பெற முடியாது. அதை ஏற்றுக்கொண்டு மற்றதைப் பார்ப்போம். எப்போதாவது பயன்படுத்தும் செயலிகளை நீக்காமல் சுருக்கி வைக்கலாம். தகவல்கள் அப்படியே இருக்கும், ஐகானைத் தொட்டால் மீண்டும் இறங்கும். ஆண்ட்ராய்டு 15இல் இது இயங்குதளத்திலேயே இருக்கிறது, ஐபோனில் 2017இலிருந்தே உண்டு. போன் நிறுவனம் திணித்த செயலிகளில் நீக்க முடியாதவற்றை 'முடக்கு' என்று நிறுத்தலாம். அதுவும் இயலாத மாடல்களை அடுத்த முறை வாங்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய போனில் விளம்பரம் காட்டும் உரிமையை யாருக்கும் நாம் எழுதிக் கொடுக்கவில்லை.

கேள்வி: எல்லாரும் ஏஐ, ஏஐ என்கிறார்கள். எனக்கு எதுவும் வேண்டாம். அணைக்க ஒரு பொத்தான் வருமா?

ஒரே பொத்தானாக எதிர்பார்க்க வேண்டாம். தனித்தனியே பலவற்றை அணைக்கலாம். நான் விரும்பும் ஏஐ வசதி ஒன்று உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே மோசடியின் அடையாளங்களைப் போனுக்குள்ளேயே கண்டுபிடித்து எச்சரிக்கும் வசதி, பிக்சலில் ஆங்கிலப் பேச்சுக்குத்தான் முதலில் வந்தது. தமிழில் மிரட்டிப் பணம் பறிப்பவர்களைக் கண்டுபிடிக்க அது தமிழ் கற்க வேண்டும். படத்தில் வானத்தின் நிறத்தை மாற்றுவதற்கு முன் இதைச் செய்யட்டும்.

கேள்வி: புதிய பதிப்பின் பீட்டாவை (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை) இப்போதே நிறுவலாமா?

ஒரே போன் வைத்திருப்பவர் என்றால் வேண்டாம். வங்கிச் செயலிகள் சில பீட்டாவில் திறக்காது. பீட்டாவிலிருந்து இடையில் வெளியேறினால் பெரும்பாலும் போனில் உள்ளவை அனைத்தும் அழிக்கப்படும். பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால், அதற்குப் பீட்டா கிடைக்கும் என்றால், தாராளமாக நிறுவிப் பாருங்கள். தமிழில் வைத்துச் சோதியுங்கள். வெட்டுப்படும் சொல்லையும் பெயரில்லாத பொத்தானையும் கண்டால் உள்ளேயே இருக்கும் கருத்துச் செயலி வழியாக ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புங்கள்.