பூட்டிய கடைகளுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் ஊரில் 1990-களில் கோலாகலமாகத் திறக்கப்பட்ட பேரங்காடி இன்று ஆளரவமற்றுக் கிடக்கிறது. ஓய்வுக்காலத்துக்கு உதவுமென்று சேமநிதிப் பணத்தைப் போட்டு நான் வாங்கிய கடையும் வாடகைக்குப் போகாமல் பூட்டியே இருப்பதால், சில ஆண்டுகளாகப் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதையும் நிறுத்திவிட்டேன். இதற்கெல்லாம் இணைய வணிகமும், உட்கார்ந்த இடத்துக்கே பொருளை வரவழைக்கும் இளைஞர்களின் சோம்பலும்தானே காரணம்? அரசாங்கம் அதற்குக் கடிவாளம் போடக்கூடாதா?
வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: உங்கள் கேள்விக்கான விடையில் பாதியை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது, அது இளைஞர்களைப் பற்றிய வரியில் இல்லை, அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது.

முதலில் கைப்பேசியை விசாரித்து அனுப்பிவிடுவோம். இணைய அங்காடிகளில் லஸாடா மலேசியாவுக்கு வந்தது 2012-இல், ஷாப்பி வந்தது 2015-இல். உங்கள் பேரங்காடியின் மேல்மாடி அதற்கு முன்பே இருண்டுவிட்டதா இல்லையா என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இணைய வணிகம் கொடிகட்டிப் பறந்த அதே காலத்தில்தான், 2019-இல் பத்து காவானில் ஐகியா அறைகலன் கடை திறக்கப்பட்டது. பெருந்தொற்று ஓய்ந்த கையோடு, 2022-இல், செபராங் ஜெயாவின் சன்வே கார்னிவல் பேரங்காடி புதிய பகுதியொன்றைக் கட்டித் திறந்தது. இரண்டுமே உங்கள் ஊரிலிருந்து காரில் எட்டிவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. வார இறுதியில் அங்கே வண்டி நிறுத்த இடம் தேடி அலைகிறவர்களில் நீங்கள் சோம்பேறிகள் என்று சொல்லும் அதே இளைஞர்களும் உண்டு.

வேறுபாடு உடைமையில் இருக்கிறது. சன்வே கார்னிவல் ஒரே உரிமையாளரின் கையில் இருப்பதால், எந்த மாடியில் எந்தக் கடை வரவேண்டும், ஆள் சேர்க்கும் பெரிய கடைக்கு எவ்வளவு குறைத்துக் கொடுக்கலாம், எப்போது தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடலாம் என்பதையெல்லாம் ஓர் அலுவலகம் முடிவு செய்கிறது. உங்களுடைய பேரங்காடியோ, அந்தக் காலத்தில் பலரும் செய்ததைப் போல, கட்டி முடிக்கும் முன்பே கடை கடையாக விற்கப்பட்டது. மேம்பாட்டாளர் தம் பணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த திட்டத்துக்குப் போய்விட்டார். எஞ்சியவர்கள், ஒருவரையொருவர் பார்த்தேயிராத பல நூறு முதலாளிகள். ஒருவர் கைப்பேசிக் கடைக்கு விட்டால் பக்கத்தில் இருப்பவரும் கைப்பேசிக் கடைக்கே விடுகிறார். மூன்றாமவர் பூட்டிப்போட்டுவிட்டு ஜொகூரில் பிள்ளை வீட்டில் இருக்கிறார்.

பினாங்குத் தீவில் குவீன்ஸ்பே பேரங்காடியும் கடை கடையாகப் பிரித்துப் பட்டா கொடுக்கப்பட்டதுதான். ஆனால் அதன் விற்பனைப் பரப்பில் 91.8 விழுக்காடு ஒரே கையில் இருந்தது. கேப்பிட்டலேண்ட் மலேசியா என்ற சொத்து முதலீட்டு நிதியம் 2023-இல் அதை ஏறக்குறைய 99 கோடி ரிங்கிட் கொடுத்து மொத்தமாக வாங்கியது. சிதறிக் கிடக்கும் உங்கள் கடைகளை அப்படி வாங்க எவர் வருவார்?

சென்ற தீபாவளிக்கு முன் பினாங்கின் பெருநிலப் பகுதியில் இப்படிப்பட்ட பேரங்காடி ஒன்றுக்குப் போயிருந்தேன். நின்றுபோன மின்படிக்கட்டின் வாயிலில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு ராஃபியா கயிற்றால் கட்டியிருந்தார்கள். முதல் மாடித் தையற்கடை அம்மாள் குளிர்சாதனம் வேலை செய்யாததால் வீட்டிலிருந்து மேசை விசிறி கொண்டுவந்திருந்தார். ஞாயிறன்று நேப்பாளத் தொழிலாளர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப வருவதால்தான் கீழ்த்தளம் உயிரோடிருப்பதாக அவர் சொன்னார். அந்த மின்படிக்கட்டை நிறுத்தியது எந்தச் செயலியும் அன்று. பழுது பார்க்கப் பணம் இல்லை. பணம் இல்லாததற்குக் காரணம், உங்களைப் போன்றவர்கள் கட்டாமல் விட்ட கட்டணம். படிக்கட்டு நின்றால் மேல்மாடிக்கு ஆள் ஏறுவதில்லை. ஆள் ஏறாத கடைக்கு வாடகைதாரர் வருவதில்லை. வாடகை வராத முதலாளி கட்டணத்தை நிறுத்துகிறார். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவர் வடத்தைப் பிடிக்கட்டும் என்று ஒதுங்கி நிற்கிறீர்கள்.

காரணம் இது ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஜார்ஜ்டவுனின் கொம்தார் கட்டடத்தில் இருந்த யாவோஹான் என்ற பெரிய கடையை ஊரே நினைவில் வைத்திருக்கிறது. அதன் ஜப்பானியத் தாய் நிறுவனம் 1997-இல் திவாலானதற்குப் பினாங்கு மக்கள் என்ன செய்திருக்க முடியும்? பழைய வீடுகளின் வாடகையை உயரவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கியதும் ஜார்ஜ்டவுன் உள்நகரக் குடும்பங்கள் பல வீட்டைக் காலி செய்துகொண்டு போயின; கொம்தாருக்கு நடந்தே வந்துபோன வாடிக்கையாளர்கள் அவர்கள். இப்படி வெளியிலிருந்து வரும் அடிகளைத் தாங்குவதற்கும் உள்ளே முடிவெடுக்க ஒருவர் வேண்டும் என்பதே என் வாதம்.

அரசாங்கம் என்ன செய்யும் என்று கேட்கிறீர்கள். செய்ய வேண்டியதில் ஒரு பகுதியைச் செய்துவிட்டது. பினாங்கில் 2015-இல் நடப்புக்கு வந்த, 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடிச் சொத்து நிர்வாகச் சட்டப்படி, கடை பூட்டியிருந்தாலும் திறந்திருந்தாலும் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும். கட்டணத்தில் 10 விழுக்காட்டுக்கு ஈடான தொகையைப் பெரிய பழுதுகளுக்கான ஒதுக்கு நிதிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். நிலுவைக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி விதிக்கலாம். வசூலிக்கத் தீர்ப்பாயமும் இருக்கிறது. கட்டடத்தை இடித்து நிலத்தை விற்றுவிடலாமே என்றால், கடை கடையாகப் பிரித்த பட்டாவைக் கலைக்க உரிமையாளர்களின் ஒருமனதான தீர்மானத்தைச் சட்டம் கேட்கிறது. ஜொகூர்க்காரரை முதலில் தேடிப் பிடியுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொதுக்கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பாக உங்கள் பெயரில் நிலுவை இருந்தால் அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு வாக்கு இல்லை. பேரங்காடியை யார் நடத்துவது, கணக்கை யார் தணிக்கை செய்வது, காலிக் கடைகளைச் சேர்த்து ஒரே வாடகைதாரருக்கு விடலாமா என்று தீர்மானிக்கும் இடத்தில் இத்தனை ஆண்டுகளாக உங்கள் கை உயரவே முடியாமல் போயிருக்கிறது. நிலுவை எவ்வளவு என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தவணையில் கட்ட இணங்குவார்களா என்று பேசிப் பாருங்கள். தணிக்கை செய்த கணக்கைக் காட்ட மறுத்தால் மாநகர் மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.