வாய் கோணினால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்: பக்கவாதம், கேள்வி பதில்

சித்தூர், குப்பம், பலமனேர், நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கேட்ட கேள்விகள் இவை. பக்கவாத வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். மாத்திரை அளவு மட்டும் கேட்காதீர்கள். அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

குப்பம்: அக்கா, விடிகாலையில எங்க ஆயாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, வலது கை தூக்க வரல. அக்கம்பக்கத்துல ஆளுக்கொரு வைத்தியம் சொன்னாங்க. முதல்ல என்ன செய்யணும்?

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா? இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று கீழே இறங்குகிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108. எல்லையோரத்தில் உங்கள் போன் பக்கத்து மாநில டவரைப் பிடித்திருக்கலாம். அதனால் ஊர், மண்டலம், மாவட்டம், மாநிலம் நாலையும் சொல்லுங்கள்.

வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். சர்க்கரைத் தண்ணீர், காபி, பச்சிலைச் சாறு, ஒரு மடக்குத் தண்ணீர் கூட வேண்டாம். வாய் கோணியவருக்கு விழுங்கும் தசையும் சேர்ந்து தளர்ந்திருக்கலாம். ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். ஆஸ்பிரினும் வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு ரத்தக்குழாய் அடைத்து வருவதுதான், ஆனால் மீதிப் பேருக்கு மூளைக்குள் குழாய் வெடித்திருக்கும். வெளியிலிருந்து பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, சிடி ஸ்கேன்தான் சொல்லும். பிரஷர் ஏறியிருக்கிறதென்று ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போடுவதும் தப்பு. அந்த நேரத்தில் பிரஷரைச் சட்டென்று இறக்கினால் மூளைக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் குறையும்.

இன்னொன்று. ஆயா கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? அடைப்பைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நீங்கள் பார்த்த நேரம் கணக்கில்லை. தூக்கத்தில் வந்ததென்றால் ராத்திரி படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள். "நேரம் தாண்டிவிட்டது" என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடாதீர்கள். பெரிய ரத்தக்குழாய் அடைத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட, ரத்தக்குழாய்க்குள் மெல்லிய டியூபை விட்டு அடைப்பை எடுக்கிறார்கள்.

சித்தூர்: வேலூர் போறதா, திருப்பதி போறதா?

ஊரைப் பார்க்காதீர்கள். இந்த நேரத்தில் சிடி ஸ்கேனும் கரைக்கும் ஊசியும் எங்கே இருக்கிறது என்று போனில் கேளுங்கள். சித்தூரிலிருந்து வேலூர் கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர், திருப்பதி அதற்கு இரண்டு மடங்கு. ஆனால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் ரிப்பேர் என்று திரும்பினால் அந்த 35-ம் வீண்தானே. இந்தக் கேள்வியை வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே கேட்டு வைத்தால் இன்னும் நல்லது.

பலமனேர்: எங்க பெரியப்பாவுக்கு நாக்கு குழறி, பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு. கண்ணேறுன்னு சொல்லிச் சுத்திப் போட்டாங்க. டாக்டர்கிட்ட போகணுமா?

இன்றைக்கே. அடைப்பு வந்து தானாக விலகியிருக்கிறது. பெரிய பக்கவாதம் வர ஆபத்து அதிகமாக இருப்பது அடுத்த இரண்டு நாளில்தான். சுத்திப் போட்டது போட்டதாக இருக்கட்டும், வண்டியை எடுங்கள்.

வி.கோட்டா: நம்ம பக்கம் பச்சிலை மருந்து குடுத்து எத்தனையோ பேர் எழுந்து நடந்திருக்காங்க. நீங்க ஏன் வேணாங்கறீங்க?

எழுந்து நடந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் நிறையப் பேருக்கு முதல் சில வாரங்களில் மூளை தானாகவே கொஞ்சம் தேறும். முதல் மூன்று மாதம் அந்தத் தேறுதல் வேகமாக இருக்கும். அந்தச் சமயத்தில் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். புறா ரத்தம் தடவியவர்களும் இதே கதைதான் சொல்வார்கள். எழுந்திருக்காதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனக்குக் கோபம் வருவது இரண்டு இடத்தில். முதல் நாளே வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பச்சிலை மருந்து கொடுப்பவரிடம் போவது. அதில் நாலரை மணி நேரம் கரைந்துவிடும். அடுத்தது, பத்தியம் என்று சொல்லிப் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தச் சொல்வது. இரண்டாவது முறை வந்து படுத்தவர்களைக் கேட்டால் "மாத்திரையை நடுவுல விட்டுட்டோம்மா" என்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர், என்னவென்று தெரியாத சாற்றைக் குடித்தால் ரத்தக்கசிவும் வரலாம்.

நகரி: தாத்தாவுக்குச் சாப்பாடு ஊட்டினா புரை ஏறுது. கூழைத் தண்ணியாக் கரைச்சுக் குடுக்கறோம், அப்பவும் அப்படித்தான்.

தண்ணியாகக் கரைத்ததுதான் பிரச்சினையாக இருக்கலாம். பக்கவாதக்காரர்களுக்குக் கெட்டியானதைவிடத் தண்ணீர்தான் சீக்கிரம் தப்பான வழியில் போகும். ஆஸ்பத்திரியில் விழுங்கும் சோதனை செய்து, எந்தப் பதம் என்று கேட்டு வாருங்கள். பலருக்குக் கேழ்வரகுக் கஞ்சியைக் கரண்டியிலிருந்து மெதுவாக வழிகிற பதத்தில் காய்ச்சினால் ஒத்துப்போகும். களி உருண்டை வேண்டாம்.

நேராக உட்கார வையுங்கள். சாய்ந்த தலையில் ஊட்டக்கூடாது. சின்னக் கரண்டி, நல்ல பக்கக் கன்னத்தில் வையுங்கள், முகவாயைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லுங்கள். முதல் வாய் இறங்கிய பிறகே அடுத்தது. டிவியை அணைத்துவிடுங்கள். முடிந்ததும் செயலிழந்த பக்கக் கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்த்து வாயைத் துடைத்து, அரை மணி நேரமாவது உட்காரவே வையுங்கள். இருமல் வராவிட்டால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். சிலருக்குச் சத்தமே இல்லாமல் உள்ளே போகும். சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

புத்தூர்: மூக்குல டியூப் போட்டிருக்கு. படுத்தபடியே அதுல சாப்பாடு விடலாமா?

கூடாது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, டியூபில் போட்ட குறி நகரவில்லை என்று பார்த்துவிட்டு விடுங்கள். குறி நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் விடாதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள்.

சித்தூர்: நைனா தட்டுல வலது பக்கச் சோத்தை மட்டும் தின்னுட்டு, இடது பக்கத்தை அப்படியே விட்டுட்டு "பசிக்குது"ங்கறார். வேணும்னே பண்றாரா?

இல்லை. மூளையின் வலது பாதியில் பக்கவாதம் தாக்கியவருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் பதியாமல் போகலாம். கண்ணில் கோளாறு இருக்காது, கவனம்தான் போகாது. தட்டைத் திருப்பி வையுங்கள். பேசும்போது கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் வந்து நின்று கூப்பிடுங்கள். ஷேவ் செய்யும்போது பாதி முகத்தை விட்டுவிடுவார், சிரிக்காதீர்கள். இவர் தனியாக எழுந்து நடப்பது ஆபத்து. கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு விழுவார்.

குப்பம்: வீட்டுல தமிழ், வெளியில தெலுங்கு பேசுவாரு மாமா. இப்ப தெலுங்கு மட்டும்தான் வருது. தமிழ் திரும்புமா?

திரும்பலாம். இரண்டு மொழிக்காரர்களில் சிலருக்கு இரண்டும் ஒன்றாக வரும், சிலருக்கு ஒன்று முன்னால் வரும். வருகிற மொழியிலேயே பேசுங்கள். "இது என்ன சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். ஆமாம், இல்லை என்று தலையாட்டிச் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். பேச்சு போனவருக்குப் புத்தி போகவில்லை. அவர் எதிரில் பாகப்பிரிவினை பேசுகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

பலமனேர்: ஏர் பெட் வாங்கிட்டோம். படுக்கைப் புண் வராதில்லையா?

வரும், புரட்டாவிட்டால். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். இடுப்புக்குக் கீழே, குதிகால், இடுப்பெலும்பு மூட்டு மூன்றையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. அதைத் தேய்க்காதீர்கள், ஸ்பிரிட் போடாதீர்கள், காற்றடித்த வளையத்தில் உட்கார வைக்காதீர்கள். அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்துவிட்டு நர்ஸிடம் காட்டுங்கள்.

நகரி: அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கும்போதெல்லாம் தோள் வலின்னு அழறாங்க.

செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் அதே கெடுதல். தசை பிடிப்பில்லாத தோள் மூட்டு நழுவிவிடும். முதுகுக்குப் பின்னால் தோள்பட்டையிலும் இடுப்பிலும் கை கொடுத்து எழுப்புங்கள். உட்கார்ந்ததும் அந்தக் கைக்குத் தலையணை வையுங்கள். ரவிக்கை போடும்போது முடியாத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு தைத்துவிட்டால் அம்மாவுக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம்.